ராகுகாலத்துல ஒரு கிராபிக்ஸ் கார்டு

"சும்மா பாக்கறேன் பாய், நீங்க உங்க வேலையப் பாருங்க"ன்னு கோதண்டம் சொல்லும்போதே கை ஒரு தடவ சட்டைக்குள்ள போயி பனியன் பைய தொட்டுப் பாத்துக்கிச்சு, இருக்குது, எங்கயும் போவல, பணம் தூங்குது, தூங்கட்டும், மூணு மணி வரைக்கும் அத எழுப்பக் கூடாதுன்னு வீட்டம்மா உத்தரவு. பல்லாவரத்துல ஏறுன எலெக்ட்ரிக் ட்ரெயினு மட்டும் பார்க் ஸ்டேசனுக்கு முன்னாடி அந்த சிக்னல்ல நிக்காம இருந்திருந்தா எல்லாத்தயும் முன்னாடியே முடிச்சிருக்கலாம், நின்னுது, பொண்ணு பாக்க வந்தவங்க முன்னாடி நிக்கிற மாதிரி தலையக் குனிஞ்சிக்கிட்டு நின்னுது, எறங்கி ரிச்சி தெருவுக்கு ஓடியாந்து சிராஜ் பாய் கடையில பிளாஸ்டிக் ஸ்டூல்ல ஒக்காந்தா, ராகுகாலம் அவனுக்கு முன்னாடியே வந்து கால் மேல கால் போட்டு ஒக்காந்திருக்கு. வியாழக்கெழம, ஒன்றரைலேந்து மூணு. காலையில எக்ஸ்போர்ட் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுற அவசரத்துலயும் சுகந்தி வாசப்படியில திரும்பி நின்னு சொன்னா, "யோவ், அந்த நேரத்துல ஒத்த ரூபா ஒன் பையிலேந்து வெளிய வரக் கூடாது. அது ஒன் காசு இல்ல, என் காசு." ரெண்டு தீவாளி போனசு. மத்த பொம்பளைங்க அந்தக் காசுல தோடு வாங்குனாங்க, கட்டிலு வாங்குனாங்க, இவ கம்ப்யூட்டர் வாங்குன்னு புருசன் கையில குடுத்திருக்கா, அதுவும் கணக்கு எழுத இல்ல, வெளையாட. இப்ப போன் போட்டு "ஏம்மே, லேட்டாயிடுச்சி, இந்த ஒரு தடவ விட்டுரு"ன்னு கெஞ்சலாம்னா அவ போனு கம்பெனி லாக்கர்ல பூட்டிக் கெடக்கும், டீ டைம்லதான் கையில குடுப்பான். டீ டைம் மூணே காலுக்கு. ராகுவும் சூப்பர்வைசரும் பேசி வச்சிக்கிட்ட மாதிரி இருக்குதே.

பாய் ஒரு அட்டப்பெட்டி மூடியக் கிழிச்சி அது பின்னாடி பேனாவால சாமான் பேரெல்லாம் எழுதி, ஒவ்வொண்ணா வெளக்கம் சொல்லிக்கிட்டிருந்தாரு, நல்ல மனுசன், பள்ளிக்கூடத்துல இப்பிடி ஒரு வாத்தியார் இருந்திருந்தா கோதண்டம் ஆறாவதத் தாண்டியிருப்பான். "பிராசசர்தான் மூளை மாஸ்டர்"னாரு. மூளைன்னா கோதண்டத்துக்குப் பிடிபடல, அந்தப் பக்கம் பழக்கம் கம்மி, ஆனா அவன் பரோட்டா மாஸ்டர், எதையும் கல்லுல போட்டுப் பாத்தாதான் அவனுக்கு வேகும், அதனால பிராசசர் அடுப்புன்னு வச்சிக்கிட்டான். ரேம்னா கல்லு, ஒரே நேரத்துல எத்தன பரோட்டா பரத்தலாம்ங்கிற எடம். எஸ்எஸ்டின்னா பின்னாடி ஸ்டோர் ரூமு, மாவு மூட்டய எவ்ளோ சீக்கிரம் தூக்கியாறேங்கிறது. மதர்போர்டுன்னா கடையேதான், எல்லாம் அதுக்குள்ள நிக்கணும். அப்ப கிராபிக்ஸ் கார்டுன்னா என்னா பாய்னு கேட்டதுக்கு பாய் கொஞ்ச நேரம் யோசிச்சி, "உங்க கை மாஸ்டர், வீசுறீங்கல்ல, அந்தக் கை"ன்னாரு. இது சரி. இதக் கேட்டதும் கோதண்டத்துக்கு உள்ளங்கை லேசா நமச்சுச்சு. அந்தக் கை இப்ப கண்ணாடி ஷோகேசுக்கு மேல ஒரு துணி மேல படுத்திருக்குது, கருப்பா, ரெண்டு ஃபேன் வச்சி, எவனோ பெங்களூருக்குப் போறவன் வித்துட்டுப் போனது, செகண்ட் ஹாண்டு, அதான் அந்த வெல, ஒரே பீசு. புதுசு வேணும்னா மிச்ச சாமான்லாம் வாங்காம அத மட்டும் வாங்கி வீட்டுல மாட்டி வச்சி கும்புடலாம். கார்டு இல்லாமயும் ஓட்டலாம், பிராசசர்லயே கொஞ்சம் படம் காட்டுற சக்தி இருக்குது, ஆனா ரெண்டு பேரு சேந்து ஆடுனா திணறும்னு பாய் சொல்லிட்டாரு. ரெண்டு பேரு சேந்து ஆடத்தானே இந்தப் பாடே.

ஏன்னா அவங்க ரெண்டு பேரும் முழிச்ச கண்ணோட ஒண்ணா இருக்கறது காலையில அந்த ஒரு மணி நேரம்தான், இவன் கடைக்குப் போறப்ப அவ வரல, இவன் வர்றப்ப அவ தூங்கிடுறா, கல்யாணம் ஆனதுலேந்து ஷிப்ட்டு மாத்தி ஷிப்ட்டு, வாட்ச்மேன் ரெண்டு பேரு ஒரே கேட்டுக்கு மாறி மாறி நிக்கிற மாதிரி ஒரு குடித்தனம். அந்த ஒரு மணி நேரத்துல காப்பி, நடுவுல ஒரே ஒரு போனு, ஒடஞ்ச கண்ணாடி, அதுல காரு ரேசு. ஒரு ரவுண்டு இவன், ஒரு ரவுண்டு அவ. போனு சூடேறி சூடேறி ஒரு நாளு சுகந்தி, "இதுல முட்ட ஒடச்சி ஊத்துய்யா, ஆம்லெட் ஆயிடும்"னா. கட்டில்ல ஒக்காந்து காத்துக் கெடக்கறவங்க ஆட்டத்த வேடிக்க பாக்கணும், அதுதான் கஷ்டம், இவன் காரு செவுத்துல முட்டும்போது அவ சிரிக்கிற சிரிப்ப பக்கத்து போர்ஷன்காரங்க கேட்டுட்டு என்னமோ ஏதோன்னு நெனச்சிக்கறாங்க, நெனச்சிட்டுப் போறாங்க, சந்தோசம்தானே. கம்ப்யூட்டர் வந்தா ரெண்டு ஜாய்ஸ்டிக்கு, ஒரே தெரைய ரெண்டாப் பொளந்து மேல அவ காரு, கீழ இவன் காரு, தோளோட தோளு ஒட்டி ஒக்காரலாம், யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேணாம். இத அவ சொன்னப்ப கோதண்டம் "சரி"ன்னு மட்டும் சொன்னான், நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுச்சு, அத மறைக்கறதுக்கு, "அப்ப நீ ஏமாத்துறது எனக்குத் தெரியாமப் போயிடுமே"ன்னு ஒரு வார்த்த கூடப் போட்டான். ஆனா அவ காச எடுத்துக் குடுத்தப்ப ஒடனே குடுக்கல, கொஞ்ச நேரம் கையிலயே வச்சிருந்தா, கிரைண்டர நெனச்சிருப்பா. அந்த கிரைண்டரு ஒரு சனிக்கெழம காலையில கடக்காரன் பல்ல இளிச்சான்னு இவன் அங்கயே காச நீட்டி வாங்கியாந்தது, மொத நாளே கல்லு எகிறி பாத்ரூம் கதவுல போயி முட்டிக்கிச்சு. சனிக்கெழம ஒம்போதுலேந்து பத்தர ராகுகாலம்யான்னு அவ சொல்ல, நீ அரிசிய அள்ளிக் கொட்டுனதுக்கு ராகு என்னா பண்ணுவாருன்னு இவன் கேக்க, அதுலேந்து அந்த வீட்டுல ராகுவும் ஒரு சொந்தக்காரன் மாதிரி ஆயிட்டாரு, எல்லா சண்டையிலயும் அவரு பேரு வரும்.

அப்பதான் அவன் வந்தான். வெளிய வெயில்லேந்து உள்ள வந்ததும் கண்ணச் சுருக்கிக்கிட்டு நின்னான், ஒல்லியா, கிரிக்கெட் ஆடுறவன் மாதிரி ஒரு நீலத் தொப்பி, முழுக்கை சட்டை, தோள்ல ஒரு துணிப்பை, வயசு ஒரு இருவத்தேழு இருக்கும், நேரா வந்தான், வேற எங்கயும் பாக்கல, ஷோகேசுக்கு மேல இருக்கற அந்தக் கார்டத்தான் பாத்தான், பாத்துட்டுக் குனிஞ்சி, தொடாம, கொழந்த தூங்குதான்னு பாக்கற மாதிரி பாத்தான். "பாய், இது இன்னும் இருக்கா?"ன்னான். இன்னும்னா, அப்ப முன்னாடியே தெரியும் அவனுக்கு. கோதண்டம் ஸ்டூல ஷோகேசு பக்கமா ஒரு சாண் நகத்திக்கிட்டான். "இருக்கு, இதோ மாஸ்டரும் பாத்துக்கிட்டிருக்காரு"ன்னு பாய் கையக் காட்ட, தொப்பிக்காரன் திரும்பி கோதண்டத்தப் பாத்தான், கோதண்டம் தொப்பிக்காரனப் பாத்தான், ரெண்டு பேரும் சிரிச்சாங்க, கல்யாண வீட்டுல கடைசி ஜாங்கிரிக்கு ரெண்டு பேரு கைய நீட்டுனா ஒரு சிரிப்பு சிரிப்பாங்களே, அது. அப்பறம் அவன் வாங்கியிருக்கணும், இல்ல போயிருக்கணும், ரெண்டும் பண்ணல, இன்னொரு ஸ்டூல இழுத்துப் போட்டு ஒக்காந்துட்டான், கைய சட்டப் பையில வுட்டுக்கிட்டு. ஏன் அந்தக் கை பையில இருக்கு. பணம் எடுக்கப் போறான். எடுக்கல. கர்ச்சீப்பு எடுத்தான், மொகம் தொடச்சான், திருப்பி பையிலயே வுட்டுட்டான். மறுபடி அந்தக் கை உள்ளதான் இருக்குது. என்னா இருக்குது அந்தப் பையில.

ஒரு அட்வான்சு குடுத்து வைக்கலாமா. அட்வான்சுன்னா காசு குடுக்கறதுதானே, ஒத்த ரூபான்னு சொன்னா ஒத்த ரூபாதான், அவ எண்ணி எண்ணிப் பேசறவ, வார்த்தைக்கு நூல் வச்சி தைக்கிறவ, காலர் ஒட்டுற செக்ஷன்ல வேல பாத்துப் பாத்து எல்லாத்தயும் மில்லிமீட்டர்ல பாக்கறா. சரி, ஜிபேல போட்டா. பையிலேந்து ரூபா வெளிய வரலையே, அங்கயே இருக்குது, போன்ல ஒரு டிங்கு சத்தம்தானே, டிங்குக்கெல்லாம் ராகுகாலம் உண்டா, அந்தக் காலத்துல பஞ்சாங்கம் போட்டவங்க ஜிபேயப் பாத்தாங்களா. ஆனா ஜிபேல இருக்கறது நூத்திச் சொச்சம், அதுல கார்டோட ஒரு ஃபேன் வரும். இல்ல, பாய்கிட்ட கண்ணக் காட்டி, எனக்கு எடுத்து வைங்கன்னு வாயால சொல்லலாம், வாயும் பையும் வேற வேறதானே. சொல்லிப் பாத்தான், மெதுவா, ஷோகேசு பக்கமா சாஞ்சி, "பாய், அது நம்மளுதுன்னு வச்சிக்கலாமா?" பாயும் மெதுவா சொன்னாரு, "மாஸ்டர், காசு முன்னாடி வைக்கிறவங்களுக்குத்தான். வாய்ல சொல்லிட்டுப் போனவங்க இந்தத் தெருவுல ஆயிரம் பேரு. ஏன், என்னா தடங்கலு?" என்னான்னு சொல்றது, பாய்கிட்ட போயி ராகுகாலம்னு எப்பிடிச் சொல்றது, அவரு சிரிக்க மாட்டாரு, மரியாதயாதான் கேட்டுக்குவாரு, அந்த மரியாததான் சங்கடம். "இல்ல பாய், வீட்டுல கேட்டுட்டு"ன்னு இழுத்தான். அது உண்மைதான். இந்த ராகுவுக்கும் நமக்கும் எப்பயுமே ஒத்து வரல. தாலி கட்டுற முகூர்த்தம் கூட தவறிப் போச்சு, மாப்பிள்ள வேன் கூடுவாஞ்சேரி கேட்டுல மாட்டிக்கிச்சு, கூட்ஸ் வண்டி ஒண்ணு பொட்டி பொட்டியா போய்க்கிட்டே இருந்துது, ஐயரு வாட்ச்ச பாத்துப் பாத்து கைய ஒதறுறாரு, போயி எறங்கி ஓடி தாலி கட்டும்போது நல்ல நேரம் எல்லாம் பொட்டியக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போயிடுச்சி. என்னா ஆச்சு, நல்லாத்தானே இருக்கோம். இத ஒரு நாளு சுகந்திகிட்ட கேட்டதுக்கு, "அதான் அனுபவிக்கிறேனே"ன்னா. சிரிச்சிக்கிட்டேதான் சொன்னா. சிரிச்சிக்கிட்டுத்தான் சொன்னாளா. சிரிச்சா, பல்லு தெரிஞ்சுது, நல்லா ஞாபகம் இருக்கு.

சரி, காசு குடுக்க முடியாது, ஆள வெரட்டலாம். அதுக்கு ராகுகாலம் தடையில்ல, பிடுங்குற வேலைக்கெல்லாம் ராகு ஒத்தாசையாத்தான் இருப்பாரு. கோதண்டம் தொண்டயக் கனைச்சிக்கிட்டான். "தம்பி, எந்த ஊரு?" "மயிலாப்பூர் பக்கம்ணா." "அங்கேருந்து இவ்ளோ தூரம் செகண்ட் ஹாண்டுக்கு வந்திருக்கீங்களே." "புதுசு வாங்க வழியில்லேண்ணா." அட, நம்மாளுதான் போலருக்கு. எரக்கப்படக் கூடாது. "இந்தக் கார்ட நான் ரொம்ப நேரமாப் பாக்கறேன் தம்பி, ஒரு பக்க ஃபேனு கொஞ்சம் சோந்த மாதிரி இல்ல?" தொப்பிக்காரன் எந்திரிச்சி வந்து குனிஞ்சி பாத்தான், "ஓடாதப்ப எல்லா ஃபேனும் அப்படித்தாண்ணா இருக்கும்"னான். பாய் வாயப் பொத்திக்கிட்டு பின்னாடி திரும்பிக்கிட்டாரு. "ராத்திரி பகலா பிட்காயின்னு ஏதோ காசு தோண்டுறதுக்கு ஓட்டுவாங்களாமே, அதுல அடிவாங்குனதா இருக்கப் போவுது"ன்னு கோதண்டம் இன்னொரு கல்ல எறிஞ்சான், அதுவும் இப்பத்தான் பாய் வாயில கேட்டது. "அப்படி இருந்தா நீங்க ஏன்ணா பாத்துண்டே இருக்கேள்?" பரோட்டாக் கடையில குடிச்சிட்டு வர்றவனெல்லாம் கோதண்டத்தோட வாய்க்குப் பயந்து பில்லக் கட்டிட்டுப் போவான், இங்க ஒரு நீலத் தொப்பி ரெண்டு வார்த்தையில கல்லுலேந்து எறக்கி தட்டுல வச்சிட்டான். வாங்கிட மாட்டானே. கை இன்னும் பையிலதான் இருக்குது. இவன் வாங்கிட்டா சுகந்திகிட்ட என்னான்னு சொல்றது, நீ சொன்னதுக்காக நின்னேன், போயிடுச்சின்னா, அவ கோவப்பட மாட்டா, "சரி வுடு"ம்பா, அந்த "சரி வுடு"தான் தாங்காது. வாங்கி வச்சிட்டு மூணு மணிக்கு மேலதான் வாங்குனேன்னு சொன்னா நம்பிடுவா. நம்பிடுவாளேங்கிறதுதான் அதுல இருக்கற ஒரே கோளாறு. தோளோட தோளு ஒட்டி ஒக்காந்து ஆடும்போது அது நடுவுல மூணாவது ஆளா ஒக்காந்துக்கும்.

வேற வேல இல்லாம அந்த அட்டப்பெட்டி மூடிய எடுத்து மடியில வச்சிக்கிட்டான். எல்லாத்தயும் உள்ள மாட்டுற கேபினட்டுன்னு ஒண்ணு, மொதல்ல வந்ததும் கண்ணு போனது எந்தப் பொட்டி மேலன்னா, முன்னாடி மூணு ஃபேன், மூணுலயும் லைட்டு, செவப்பு பச்ச நீலம்னு மாறி மாறி எரியுது, மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழா சீரியல் செட்டுகூட தோத்துடும், பாத்த ஒடனே தலையாட்டிட்டான், ராகுகாலம் இல்லன்னா அப்பவே காசும் போயிருக்கும். இப்ப ஒக்காந்து ஒக்காந்து பாக்கும்போது அந்த லைட்டு கொஞ்சம் சலிச்சிக்கிட்டு வருது. எரியுது. எரியுது சரி, அதனால கார் வேகமா ஓடுமா. "பாய், இந்த லைட்டுனால ஆட்டத்துக்கு எதுனா பிரயோசனம் உண்டா?" "கண்ணுக்குத்தான் மாஸ்டர்." கண்ணுக்குன்னா அவங்க வீட்டுல கண்ணுக்கு டியூப்லைட்டு இருக்குது. அதுக்கு நேர்கீழ பாய் எழுதியிருக்கற பவர் சப்ளை, எஸ்எம்பிஎஸ்ஸு, அதுல மலிவானதா ஒண்ணு போடச் சொன்னது இவன்தான், பாய் அப்பவே மொகத்தச் சுளிச்சாரு, ஒண்ணும் சொல்லல. கரண்டு குடுக்கற டப்பா. கரண்டுன்னா அடுப்புக்கு கேசு வர்ற டியூபு. போன வருசம் கடை ஓனரு டியூபுல மிச்சம் புடிக்கறேன்னு எதையோ மாட்டி, கோதண்டத்தோட வலது புருவம் பாதி பொசுங்கி, சுகந்தி ஒரு மாசம் அதுக்கு மை எழுதி அனுப்புனா, கடைக்கு வர்றவனெல்லாம் மாஸ்டர் இன்னிக்கு நாடகமான்னு கேட்டான். வேணாம்ப்பா. லைட்டு பொட்டிய அடிச்சிட்டு சாதாப் பொட்டி, மிஞ்சுறத டியூபுல போடு. பேனாவ வாங்கி தானே அடிச்சான், கோணலா. பாய் எட்டிப் பாத்துட்டு, "இப்பதான் கம்ப்யூட்டர் மாதிரி இருக்கு மாஸ்டர்"னாரு. அந்த ஒரு வார்த்தையில கோதண்டத்துக்கு கொஞ்சம் ஒசரமான மாதிரி இருந்துச்சு, ஸ்டூலு அதே ஸ்டூலுதான்.

ரெண்டே முக்காலு இருக்கும், கரண்டு போச்சு. அந்தத் தெரு முழுக்க ஒரே நேரத்துல ஃபேனெல்லாம் மூச்சு வுட்டுட்டு நிக்கிற சத்தம் கேட்டுச்சு, அப்பறம் எங்கயோ ஒரு ஜெனரேட்டரு இருமுச்சு. கடைக்குள்ள அவிஞ்சி போச்சு, பிளாஸ்டிக்கு வாசன, பாயோட அத்தரு வாசன, கோதண்டத்தோட சட்டையில எவ்ளோ தொவைச்சாலும் போவாத சால்னா வாசன, மூணும் சேந்து ஒரு பிரியாணி மாதிரி ஆயிடுச்சி. தொப்பிக்காரனுக்கு வேர்வ கழுத்துல எறங்குது, பாவம், தாங்க முடியாம தொப்பியக் கழட்டி விசிறிக்கிட்டான். முன்னாடி மழிச்ச தல. பின்னாடி குடுமி, சுருட்டி உள்ள வச்சிருந்தது அவிழ்ந்து பொத்துன்னு தோள்ல விழுந்துச்சு. கோதண்டம் கொஞ்ச நேரம் அந்தக் குடுமியவே பாத்தான். குடுமி. மயிலாப்பூர். பாத்துண்டே. வேர்வையில ஒட்டுன முழுக்கை சட்டைக்குள்ள திருநீறு. அடப்பாவி, இவ்ளோ நேரம் இந்தாளு காச எடுக்காததுக்கு வேற என்னா காரணம் இருக்க முடியும். நெஞ்சுல அடச்சிக்கிட்டிருந்தது ஒண்ணு கழண்டு வயித்து வழியா எறங்கி ஸ்டூலத் தாண்டி தெருவுக்கே போயிடுச்சி, சிரிப்பு வந்துச்சு, அடக்கல.

"சாமி, கோயிலா?"ன்னான்.

"ஆமாண்ணா, சின்னக் கோயில். நடை நாலு மணிக்குத்தான் தெறக்கணும்."

"அப்ப நீங்களும் ராகுகாலம் முடியட்டும்னுதான் ஒக்காந்திருக்கீங்க."

"நீங்க அதுக்காகவா ஒக்காந்திருக்கேள்?" சாமி கண்ணு விரிஞ்சிடுச்சி. பாய் இப்ப வாயப் பொத்தல, நல்லாவே சிரிச்சாரு, "ரெண்டு பேருமா, அல்லாவே, நான் வெல ஜாஸ்தியா சொல்லிட்டேன்போலன்னு நெனச்சி அப்பலேந்து எறக்கலாமா வேணாமான்னு யோசிச்சிக்கிட்டிருக்கேன்"னாரு. "எறக்கியிருக்கலாமே பாய்"னு கோதண்டம் சொல்ல, "அதான் இப்ப காரணம் தெரிஞ்சிடுச்சே மாஸ்டர்"னு பாய் சொல்ல, கொஞ்ச நேரம் மூணு பேருக்கும் வெக்கையே தெரியல. அதுக்குள்ள சுருக்குன்னு ஒண்ணு தச்சுது. மூணு மணி ஆனா சாமிக்கும் மூணு மணி ஆவுமே. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கையத் தூக்கணும். பரோட்டா வீசுற கை வேகமா, மணியாட்டுற கை வேகமா. "அப்ப மூணு மணிக்கு யாரு மொதல்ல சாமி?"ன்னு கேட்டான், வெளையாட்டா கேக்கற மாதிரி.

"நீங்கதான் வாங்கிக்கோங்கோ. நான் இன்னிக்கு வாங்கறதா இல்லே, நாளைக்குக் காலம்பற வரலாம்னு, இன்னிக்கு கண்ணால மட்டும் பாத்துட்டுப் போக வந்தேன். நீங்க எடுத்துண்டு போயிடுவேளோன்னுதான் இவ்ளோ நாழி பயந்துண்டு ஒக்காந்திருக்கேன்."

"ஏன், இன்னிக்கு மூணு மணிக்கு மேல?"

சாமி கொஞ்சம் தயங்கி, சொல்லலாமா வேணாமான்னு பாத்து, அப்பறம் சொல்லிட்டாரு. "இன்னிக்குக் கரிநாள்ணா. நாள் பூராவும்."

இத ஏன்யா கேட்ட. கேக்காமயே இருந்திருக்கலாம், வாயி, இந்த வாயிதான் எல்லாத்துக்கும். ராகுகாலத்துக்கு ஒரு முடிவு உண்டு, மூணு அடிச்சா எந்திரிச்சிப் போயிடும், கரிநாளு பொழுது சாயிற வரைக்கும் போவாது. சுகந்திக்கு இது தெரியாது, வீட்டுல தெனசரி காலண்டரு கிடையாது, ராகுகாலம் அவளுக்கு மனப்பாடம், அவ்ளோதான். தெரியாம வாங்குனா ஒண்ணுமில்ல. தெரிஞ்சி போச்சே. மூணு அடிச்சிடுச்சி, கரண்டு வந்துடுச்சி, ஃபேனு சுத்துது, காசு எழுப்பலாம், உத்தரவுப்படி எல்லாம் சரியா இருக்குது, சாமி வேற வாங்கப் போறதில்ல, நாளைக்கு வந்துதான் வாங்குவாரு, நாளைக்கு கோதண்டத்துக்கு லீவு இல்ல. இன்னிக்கு எடுத்தா உண்டு. அவ ஒத்த ரூபா வெளிய வரக் கூடாதுன்னு சொன்னது ஒன்றரைலேந்து மூணு, அதுக்கு மேல அவ ஒண்ணும் சொல்லல. சொல்லல சரி. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பாளா. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பா. அப்ப அது சொன்ன மாதிரிதானே. கை பனியன் பைக்குள்ள போச்சு, தொட்டுச்சு, எடுக்கல, இப்ப இவன் கைதான் பைக்குள்ள மாட்டிக்கிட்டு நிக்குது, சாமி அதயே பாக்கறாரு. "ஒரு பத்து நிமிசம் பாய்"னு சொல்லிட்டு கோதண்டம் வெளிய வந்து, இளநி வண்டி நெழல்ல நின்னு, டீ டைம் ஆனதும் போன் போட்டான். மொத ரிங்குலயே எடுத்தா, பின்னாடி தையல் மிசினு சத்தமெல்லாம் அடங்கி பொம்பளைங்க பேச்சு கேட்டுச்சு.

"என்னாய்யா, வாங்கிட்டியா? எத்தன மணிக்கு வாங்குன?"

"இன்னும் வாங்கலம்மே. வரும்போதே ராகுகாலம் ஆயிடுச்சி, ஒக்காந்திருந்தேன்."

"ஒக்காந்திருந்தியா. எவ்ளோ நேரம்?"

"மூணு வரைக்கும். ஆனா இங்க ஒருத்தரு, கோயில் சாமி, அவரு சொல்றாரு இன்னிக்கு நாள் பூரா கரிநாளாம். ஒன்கிட்ட சொல்லாம வாங்க மனசு வரல. வேணாம்னா வந்துடறேன். ஆனா இந்தக் கார்டு இன்னிக்கு வுட்டா கெடைக்காது."

அந்தப் பக்கம் யாரோ "சுகந்தி, பன்னு வேணுமா"ன்னு கேட்டாங்க. அவ அத காதுல வாங்கல.

"நெசமாவே மூணு வரைக்கும் சும்மா ஒக்காந்திருந்தியா?"

"சும்மா இல்ல, லைட்டு பொட்டிய அடிச்சிட்டு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸு போடச் சொல்லியிருக்கேன்."

"யோவ்." அவ சிரிக்கிறா, ஆனா குரலு சிரிப்பு மாதிரி முழுசா இல்ல. "எனக்கு எந்த ராகுகாலமும் இல்ல. நீதான் கடக்காரன் சிரிச்சா காச நீட்டுற ஆளு. ஒன்றர மணி நேரம் ஒக்கார வச்சா நீ நாலு தடவ யோசிப்பியேன்னு சொன்னேன். நீ ஒக்கார மாட்டேன்னுதான் நெனச்சேன்."

"அடிப்பாவி. ட்ரெயினு மட்டும் நேரத்துக்கு வந்திருந்தா?"

"அப்ப பாய் அந்த லைட்டு பொட்டிய ஒன் தலையில கட்டியிருப்பாரு, நான் கிரைண்டர் பக்கத்துல அதயும் வச்சிருப்பேன். போயி வாங்கு. கரிநாள நான் பாத்துக்கறேன்."

கோதண்டம் உள்ள போனான். என்னா மொகத்தோட போனான்னா, சாமி பாத்த ஒடனே தொப்பிய எடுத்து மாட்டிக்கிட்டு குடுமிய உள்ள தள்ளிக்கிட்டாரு, புரிஞ்சி போச்சு அவருக்கு. கார்ட ஒரு தடவ கடைசியா பாத்தாரு. "நல்லா வெளையாடுங்கோ"ன்னாரு, மனசாரத்தான் சொன்னாரு, மனசு கொஞ்சம் ஒடஞ்சிதான் சொன்னாரு. "சாமி, வியாழக்கெழம காலையில பல்லாவரம் பக்கம் வந்தா ஒரு ரவுண்டு போடலாம், காரு ரேசு, தோக்கறவங்க எந்திரிச்சி எடம் வுடணும்"னு கோதண்டம் சொல்ல, "யார் தோப்பா?"ன்னு சாமி கேக்க, "நான்தான், வேற யாரு, எங்க வீட்டம்மா எந்திரிச்சி நான் பாத்ததே இல்ல"ன்னான். சாமிக்கு சிரிப்பு வந்துடுச்சி, போன எடுத்து நம்பர் கேட்டாரு. பாய் ஒவ்வொண்ணா எடுத்து ஷோகேசு மேல அடுக்கறாரு, அடுப்பு, கல்லு, ஸ்டோர் ரூமு, கடை, டியூபு, சாதாப் பொட்டி, தெர, ரெண்டு ஜாய்ஸ்டிக்கு, கடைசியா ரெண்டு ஃபேன் வச்ச அந்தக் கை, துணியோட சுத்தி. கோதண்டம் பனியன் பையிலேந்து காச எடுத்தான், ஒடம்பு சூட்டுல நோட்டெல்லாம் வெதவெதன்னு இருந்துச்சு.

பாய் பில் புக்கப் பிரிச்சாரு. "வாரண்டிக்கு பேரு வேணும் மாஸ்டர். பேரு?"

"சுகந்தி."

"உங்க பேரு கேட்டேன்."

"அதான் பாய் சொல்றேன், எழுதுங்க. ரிப்பேருன்னு எதுனா வந்தா அவங்கதான் வருவாங்க, அவங்க கேக்கற கேள்விக்கு நீங்க பதில் சொல்லிக்குங்க."